75 வருடம் என்றால் எவ்வளவு காலம்?

சந்தைக் கட்டிடத்தையும் பஸ் தரிப்பிடத்தையும் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தால் ஊர் முன்னேறும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கொடுக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதற்கு முன் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

வீதியோரத்தில் வாகனம் நிறுத்தினால் காசு அறவிடும் மீட்டர்கள் அங்கே சுமார் 36,000 இருந்தன. 2008 டிசம்பரில் மாநகர சபை அவற்றை 75 வருடங்களுக்குத் தனியார் கம்பனி ஒன்றிடம் கொடுத்தது. கிடைத்தது 115 கோடி டொலர். பட்ஜெட்டில் துண்டு விழுந்திருந்ததால் அவசரம். அறிவித்துச் சில நாட்களிலேயே வாக்கெடுப்பும் முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் மாநகரத்தின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே கணக்குப் பார்த்து, குறைந்தது 97 கோடி டொலர் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்றார். குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 25 சதமாக இருந்த கட்டணம் 2013இல் 2 டொலராகியது. வாங்கிய காசில் பெரும்பகுதியோ சில வருடங்களிலேயே செலவாகிவிட்டது.

காசை விடப் பெரிய நட்டமும் உண்டு. வீதி திருத்தவோ விழா நடத்தவோ ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் பாதையை மூடினால், சபை கம்பனிக்கு நட்டஈடு கட்ட வேண்டும். மேயர் மாறினார், 75 வருடக் குத்தகை மாறவில்லை.

ஆசிரியர்களான நாம் வருடங்களைப் பிள்ளைகளை வைத்துத்தான் எண்ணுவோம். ஒப்பந்தம் தொடங்கியபோது ஆறு வயதில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைக்கு, அது முடியும்போது 81 வயது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2017இல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது. அதன் முடிவைப் பார்க்க நம்மில் யாரும் இருக்கப் போவதில்லை.

ஆகவே ஒப்பமிட முன்னரே கேட்போம். எத்தனை வருடம்? கட்டணத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு? இடையில் நிறுத்தினால் சபை எவ்வளவு கட்ட வேண்டும்? வரும் காசு எதற்குச் செலவாகும்?

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றை எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. சபைச் சொத்து உறுப்பினர்களிடம் நாம் ஒப்படைத்த அமானிதம். கேட்பதால் யாரும் கோபிக்கத் தேவையில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.