ஒரு நாளைக்கு ஒரு சுற்று

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி இருக்கும், எங்கள் சபையின் மாடி அறையில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, சுவரில் புரொஜெக்டர் போட்டு ஓர் இளைஞர் பேசிக்கொண்டிருந்தார், அடுத்த 18 மாதத்துக்குள் எந்தெந்த மக்களிடையே எத்தனை புதிய சபைகளை நாட்டுவது என்பது பேச்சு, வரைபடம் முழுக்க வண்ணப் புள்ளிகள், தெலுங்கருக்கு மஞ்சள், நேபாளிகளுக்கு நீலம், கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாக்காரர்களுக்கு ஆரஞ்சு, வடகிழக்குப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, மலையாளிகளுக்குப் பச்சை. கடைசி வரிசையில் இருந்த நான் வாக்கெடுப்பின்போது கைதூக்காமல் எழுந்து போய்விடுவது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரத்தில் படிக்கட்டு வழியாக ஒரு வாசனை ஏறி வந்தது, உலர் திராட்சை வேகும் வாசனை, கூடவே ஒன்றிரண்டு கிராம்பு. வழக்கமாக எங்கள் திருவிருந்துக்கு அலுமினியத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் குப்பிகள்தான், மேல் மடிப்பில் அப்பம், கீழ் மடிப்பில் சாறு, உரித்துக் குடித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட வேண்டியது, அந்த வாரம் பார்சல் வந்து சேராததால் கீழே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

அந்த வாசனைக்கு என் மனதில் ஒரே ஒரு முகவரிதான், சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம், அம்மாயி வீட்டுச் சமையற்கட்டு, சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் திராட்சையை அவள் வேகவைப்பாள், உப்பி, தோல் வெடித்து, தண்ணீர் கறுஞ்சிவப்பாக மாறியதும் இறக்கி, துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டித் துண்டில் ஊற்றி முறுக்கிப் பிழிவாள், ருசி பார்க்க ஒரு சொட்டு யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது, பிழிந்த சக்கையை மட்டும் உருட்டி என் கையில் வைப்பாள். பிறகு கிண்ணங்கள், விரல் நுனி அளவுக் கண்ணாடிக் கிண்ணங்கள், வெந்நீரில் அலசி, ஒவ்வொன்றையும் அரிக்கேன் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பாள், துளைபோட்ட மரத்தட்டில் அடுக்கி எண்ணுவாள், சபையில் முழுக்கு எடுத்தவர்களின் தொகை அவளுக்கு மனப்பாடம், அதற்கு மேல் எப்போதும் ஆறு கிண்ணம் கூடுதலாக வைப்பாள். கேட்டால், "நம்ம சனம் இத்தனை பேருன்னு நமக்குத் தெரியும் கண்ணு, மலையில இருந்து எத்தனை பேரு எறங்குவாங்கன்னு ஆருக்குத் தெரியும்" என்பாள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்று பெயரிலேயே கண்டிப்பை வைத்திருந்த கூட்டம் அது, முழுகி ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே பந்தி, ஆனால் அந்தக் கண்டிப்புக்குள்ளேயே இந்த ஆறு கிண்ணங்களுக்கும் இடம் இருந்தது.

அம்மாயி சிறுமியாக இருந்தபோது அந்த மிஷனின் ஜெஸ்ஸி பிராண்ட் துரையைப் பார்த்திருக்கிறாள், பிறகு மருந்தகத்தில் புண் கழுவிக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தவள், ஆகையால் அவள் சொன்ன மிஷன் கதைகளில் பிரசங்கங்கள் குறைவு, காய்ச்சலும் சீழும்தான் அதிகம். ஜெஸ்ஸியும் எவலினும் 1913-இல் மணமுடித்து மலையேறியவர்கள், மறுவருடம் பிறந்த பிள்ளைதான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். மருந்து கொடுத்தார்கள், மரவேலை கற்றுக்கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவர்கூடச் சபையில் சேரவில்லை, முன்னால் நின்று எதிர்த்தவர் ஊர்ப் பூசாரி. முதல் உலகப்போர் முடிந்த கையோடு வந்த விஷக்காய்ச்சலில் அந்தப் பூசாரியும் மனைவியும் படுத்தபோது சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்தார்கள், கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனவர்கள் இந்த இரண்டு பேர்தான், சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடமே வளர்க்கக் கொடுத்துவிட்டார். எந்த வரைபடத்திலும் எந்த வண்ணத்திலும் போட முடியாத ஒரு தொடக்கம்.

அம்மாயி அதிகம் சொன்னது நரம்புச் சிலந்தியைப் பற்றித்தான். படிக்கிணறுகளில் ஜனங்கள் காலை நனைத்து இறங்கித் தண்ணீர் எடுப்பார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர் உடம்புக்குள் புழு நூலாக வளர்ந்து, ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளமாகி வெளியே தலை நீட்டும், இழுத்தால் வந்துவிடும்போல இருக்கும், ஆனால் இழுக்கக்கூடாது, அறுந்துபோனால் மிச்சம் உள்ளேயே கிடந்து அழுகி காலையே வாங்கிவிடும். துரை என்ன செய்வார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தையல் நூலின் ஒரு முனையை என் முழங்காலுக்கும் பாவாடைக்கும் நடுவில் சொருகிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி (என் அக்காவின் பாவாடை, வீட்டில் எனக்கு அதுதான்), மறுமுனையைக் குச்சியில் ஒரு சுற்று சுற்றி நிறுத்துவாள், இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு இன்னொரு சுற்று, நாள்தோறும் போய் உட்கார்ந்து ஒரு சுற்று, சில புழு முழுசாக வெளியே வர ஒரு மாசம் ஆகும். நான் பொறுமையில்லாமல் நூலை வெடுக்கென்று இழுப்பேன், "போச்சு போ, அவஞ் செத்தான்" என்று குச்சியைக் கீழே போட்டுவிடுவாள்.

ஒருமுறை அவளோடு மலையேறியிருக்கிறேன், ஏழெட்டு வயதிருக்கும், இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறிப் போகிறது, நாங்கள் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம், ஈர மண்ணும் மிளகுக் கொடியும் அழுகிய பலாப்பழமும் கலந்த வாடை, மேலே போகப்போக வெயில் மஞ்சளிலிருந்து வெள்ளையாக மாறியது. ஒரு வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள், கூரைக்கடியில் புகை அப்படியே தேங்கி நின்றது, அந்த வீட்டுக் கிழவர் தன் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள் என்று நேற்று நடந்ததுபோல் சொன்னார். அவர்களுக்கு மலையாளி என்று பெயர், எனக்கு அப்போது தெரிந்த மலையாளி எங்கள் தெரு டீக்கடை நாயர்தான், இவர்கள் ஏன் தமிழ் பேசுகிறார்கள் என்று அம்மாயியிடம் கேட்டேன், "மலையை ஆளுறவன் மலையாளி, டீ ஆத்தறவன் வேற" என்றாள். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் கல்லறை இருந்தது, 1929-இல் காய்ச்சல் கண்டு இறந்தபோது அவருக்கு வயது 44. எவலின் அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தார், வேறொரு மலையில் இருந்ததால் நான் பார்க்கவில்லை, எழுபதை நெருங்கியவரை மிஷன் ஓய்வுபெறச் சொன்னதும், சரி என்று ஒரு வருடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அது முடிந்ததும் ஊருக்குக் கிளம்பாமல், சம்பளமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மலைக்கே திரும்பிவிட்டவர், கணவரும் அவரும் முன்பே குறித்து வைத்திருந்தவை ஐந்து மலைத்தொடர்கள், கொல்லிக்குப் பிறகு கல்வராயன், பச்சைமலை என்று மட்டக்குதிரையிலும், பிறகு இரண்டு கையிலும் மூங்கில் தடி ஊன்றியும் போய்க்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு மெட்ராசுக்கு மாற்றலாகி நாங்கள் பேசின் பிரிட்ஜ் பக்கம் குடிவந்தபோது மலை வாசனை போய்க் கால்வாய் வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குத் தாத்தா, மாலையில் திண்ணையில் சுருட்டும் கையுமாக உட்கார்ந்து பக்கிங்காம் கால்வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், தெலுங்கு வேதாகமத்தை மஞ்சள் துணியில் சுற்றி, பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை வைத்திருப்பார், பிரித்தால் முதலில் கசப்பு வாடைதான் வரும். "இதி மா தாத்தலு தவ்வின காலுவ" என்பார், இது எங்கள் பாட்டன்மார் வெட்டிய கால்வாய் என்று அர்த்தம், நான் முதலில் சுருட்டின் மயக்கம் என்று நினைத்தேன். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, ஜனங்கள் புளியங்கொட்டையும் கிழங்கும் தோண்டித் தின்றுகொண்டிருந்தபோது, ஒங்கோலில் இருந்த ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி இந்தக் கால்வாயில் சில மைல் தூரத்தை ஒப்பந்தம் எடுத்து, தன் உபதேசிமார்களையே மேஸ்திரிகளாகப் போட்டு, மண் சுமந்தவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தார், வந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர், தோல் வேலை செய்த ஜனம்.

தாத்தா சொன்னதில் எனக்கு அன்றும் இன்றும் பிடித்த இடம் அடுத்தது, பஞ்சம் நடந்த காலத்தில், கேட்டு வந்த ஒருவருக்கும் கிளவ் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஒரு வருடத்துக்கும் மேல் கதவைச் சாத்தியே வைத்திருந்தார், அரிசிக்காக வந்தார்கள் என்ற சொல் வந்துவிடக்கூடாது, அரிசியும் நிற்கட்டும், வேலையும் நிற்கட்டும், அதற்குப் பிறகும் வருகிறவன் வரட்டும் என்று. வந்தார்கள், 1878 ஜூலை 3-ஆம் தேதி வெள்ளம்பள்ளியில் குண்டலகம்மா ஆற்றில், ஆறு பேர் இரண்டிரண்டு பேராக முறை மாற்றித் தண்ணீரில் நின்று, ஒரே நாளில் 2,222 பேருக்கு முழுக்குக் கொடுத்தார்கள். தொகையைச் சொல்லும்போது தாத்தா சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிடுவார். ஆனால் இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி, அதற்குப் பல வருடம் முன்பே மேல்சாதிக்காரர்கள் கிளவிடம் வந்து, மாதிகரைச் சேர்க்காமலிருந்தால் நாங்கள் வருகிறோம் என்றார்களாம், அவர் மாதிகரை விடவில்லை, அவர்கள் வரவில்லை, எல்லோருக்கும் திறந்த கதவு வழியாகக் கடைசியில் ஒரு ஜனம்தான் உள்ளே நுழைந்தது. "அவர் தப்பு இல்ல, நம்ம தப்பு" என்பார் தமிழில்.

இந்தியாவின் இந்த மாதிரி ஊர்களைப் பார்த்துத்தான் டொனால்டு மெக்காவ்ரன் தன் கணக்கைப் போட்டார் என்பது நான் வெகு காலம் கழித்துப் படித்தது, அவர் பாப்டிஸ்ட் இல்லை, தமோ என்ற நடு இந்திய ஊரில் 1897-இல் பிறந்த மிஷனெரி வீட்டுப் பிள்ளை, 1955-இல் அவர் எழுதிய புத்தகம் சொன்னது சுருக்கமாக இதுதான், மக்கள் தனித்தனியாக அல்ல, உறவும் சாதியுமாகச் சேர்ந்தே வருகிறார்கள், அந்த வேலிகளைத் தாண்டச் சொல்லாமல் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே சபையை நாட்டினால் சபை வளரும். அது அமெரிக்கா போய்ப் பாடமாகி, பயிற்சி வகுப்பாகி, அட்டவணையாகி, இப்போது வண்ணப் புள்ளிகளாக எங்கள் மாடி அறைச் சுவருக்கே திரும்பி வந்திருக்கிறது, எங்கள் பேட்டைச் சேரிச் சுவரை நாங்களே இறக்குமதி செய்துகொண்டதுபோல. தாய்மொழியில் ஜெபிக்க ஒருவருக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை, மொழிக்கு ஒரு கூரை போடுவதும் சாதிக்கு ஒரு சுவர் எழுப்புவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடமாகத் தெரிகிறது, அதுதான் தொல்லை.

திரை விலகி வெளிச்சம் வந்தபோது கண் கூசியது. இளைஞர் கேள்விகள் உண்டா என்றார், எனக்கு முன்வரிசையில் இருந்த நாகாலாந்துப் பெண், நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், திரும்பி என்னிடம், "அங்கிள், அந்த சிவப்பு நாங்களா?" என்று கேட்டாள், இன்னும் எட்டப்படாத மக்கள் என்று சிவப்புக்குக் கீழே எழுதியிருந்தது. அவளுடைய மலைகளுக்கு அசாமியரான கோதுலா என்ற உபதேசியார் ஏறிப்போய், பின்னாலேயே கிளார்க் துரை போய், முதல் நாகா சபை தொடங்கி 150 வருடம் ஆகிவிட்டது, அங்கே இன்று பெரும்பாலோர் பாப்டிஸ்டுகள், எங்கள் பாடகர் குழுவில் ஆல்டோ குரலைத் தாங்கிப் பிடிப்பதே அவள்தான். பச்சையை நான் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன், கொல்லிமலை மேல் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் மொழி என்ற இடத்தில் மலையாளம்.

சிரித்திருக்கலாம், வந்த வேகத்துக்கு எழுந்து போயிருக்கலாம், ஆனால் ஆறு கிண்ணங்கள் நினைவில் நின்றுகொண்டிருந்தன, அதுவும் ஒரு திட்டம்தானே, ஐந்து மலைகளைக் குறித்துவைத்ததும், பஞ்சம் தீரும்வரை கதவைச் சாத்தியதும் திட்டம்தான், பழைய ஆட்கள் திட்டமில்லாமல் போனார்கள் என்று இத்தனை நாள் நானாக ஒரு புனிதத்தைப் பூசிக்கொண்டிருந்தேன். எழுந்து, பச்சைக்கு நேரே தமிழ் என்று திருத்தச் சொன்னேன், சிவப்பை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணைக் குழுவில் போடச் சொன்னேன், இளைஞர் முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டார், நல்ல பிள்ளை. எங்களுக்குப் பேராயர் கிடையாது, எதுவானாலும் சபையார் கைதூக்கித்தான் முடிவு, நானும் தூக்கினேன்.

கெடுவைப் பற்றியும் சொன்னேன், அதை மட்டும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஜெஸ்ஸி இறந்த பிறகு எவலின் 45 ஆண்டு வாழ்ந்தார், 1974 டிசம்பரில் 95 வயதில் காலமாகி வாழவந்தியில் கணவர் பக்கத்தில் அடக்கமானார். எங்கள் தாளில் 18 மாதம் என்றே இருக்கிறது.