தேடுவோரைத் தேடிய தமிழர்

அறிவைத் தேடுதல் மனித இயல்பு. ஆயின், தாம் தேடுவது இன்னதென்று தெளிவாகச் சொல்ல வல்லார் சிலரே. இந்தத் தேடலையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட தமிழர் ஒருவரைச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் நினைவுகூர்தல் தகும். அவர் 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன்.

கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். முதலில் அப்பணி அவருக்குச் சலிப்பையே தந்தது. பயிற்சிக்காக இலண்டன் சென்று பல நூலகங்களைக் கண்ட பின்னரே அதன் அருமை புலப்பட்டது. அந்நகரக் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பல உருவங்கள் பிறந்தன. அறிவுத்துறைகளையும் இவ்வாறே பகுத்து இணைக்கலாம் என்று எண்ணினார். 1933-இல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. நம் சித்தூர் மாந்தோப்பின் நோயைப் பற்றி ஒருவர் நூல் தேடுகிறார் என்று கொள்வோம். பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் எனக் கேள்வியைப் பிரித்து, மீண்டும் கோத்து, உரிய நூலிடம் சேர்ப்பதே அம்முறை.

1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளின் நடுவே நிற்பவன் வாசகன். நூல் பூட்டி வைப்பதற்கன்று. எவர்க்கும் அவர்க்கேற்ற நூல் கிட்ட வேண்டும். எந்நூலும் தனக்குரிய வாசகனை அடைய வேண்டும். வாசகனின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. இவையே அவற்றின் சாரம். விலங்கு இரை தேடுவதுபோல் மனிதரும் பயனையும் செலவாகும் நேரத்தையும் எடைபோட்டே தகவலைத் தேடுகின்றனர் என்று 1990-களில் அமெரிக்க அறிஞர் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் விளக்கினர். வாசகனின் நேரத்தை அரங்கநாதன் அறுபதாண்டுகளுக்கு முன்பே விதியாக்கிவிட்டார் அன்றோ!

அவர் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அன்று சித்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960-இல் ஆந்திரப் பிரதேசம் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. எல்லைகள் மாறின, வாசகனின் உரிமை மாறவில்லை.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். அது நன்றே, நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழியைப் போற்றுதல் நம் கடன். ஆயின் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழெழுத்தை அறியாமலே வளர்வதும் உண்டு. இருப்பதே தெரியாத நூலை அப்பிள்ளை எங்ஙனம் கேட்கும்? கேட்பாரில்லையெனில் நூலகம்தான் எதற்கு வாங்கும்? தாத்தாவின் பெட்டியில் உறங்கும் தமிழ் நூல்களும் தமக்குரிய வாசகரை எதிர்நோக்கியே கிடக்கின்றன.

எனவே நாம் செய்யத்தக்கவை மூன்று. ஊர் நூலகத்தில் தமிழ் நூல் வேண்டுமென எழுதிக் கொடுப்போம். வீட்டு நூல்களைத் தொகுத்துச் சங்கத்தில் பட்டியலிடுவோம். வரும் பிள்ளையிடம், “உனக்கு எதில் விருப்பம்?” என்று கேட்டு ஏற்ற நூலை எடுத்துக் கொடுக்க ஒருவரை அமர்த்துவோம். 1972-இல் மறைந்த அப்பெருமகனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.