45 நிமிடக் கணக்கு

2002 செப்டெம்பர் 24ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் டொனி பிளேயரின் அரசாங்கம் ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. முன்னுரை பிளேயருடையது. உத்தரவு கிடைத்து 45 நிமிடங்களுக்குள் சதாம் உசேனின் படைகள் இரசாயன, உயிரியல் ஆயுதங்களைப் பாவிக்க முடியும் என்று அதில் இருந்தது. அன்று பின்னேரமே ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ அந்த 45 நிமிடத்தை முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. மறுநாள் காலை ‘சன்’ பத்திரிகை அதை அழிவுக்கான 45 நிமிடம் ஆக்கிவிட்டது.

நான் அப்போது தென் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ரில்லில் நின்றேன். என்னோடு வேலை செய்த சாவகச்சேரி அண்ணை பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது எங்கட அரசாங்கம் மாதிரி இல்லை. இவங்கள் எழுத்தில தந்தால் அது உண்மையாத்தான் இருக்கும்.” 1995இல் ‘சமாதானத்துக்கான யுத்தம்’ என்று பெயர் வைத்து யாழ்ப்பாணத்துக்குள் ஆமி வந்ததைக் கண்டவர் அவர். யுத்தத்துக்கு அரசாங்கம் சொல்லும் காரணத்தை நம்பக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது கொழும்புக்கு மட்டுமே பொருந்தும் என்று வைத்திருந்தார்.

எனக்கு இடறியது வேறு. எந்த ஆயுதம்? எவ்வளவு தூரம் போகும்? பலாலி இராணுவ முகாமில் இருந்து அடித்தால் எங்கே விழும், எங்கே விழாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆவணத்தில் அந்தக் கணக்கு இல்லை. அந்தத் தகவல் போர்க்களத்தில் கிட்டத்தில் பாவிக்கும் ஆயுதங்களைப் பற்றியது என்று பிறகு தெரியவந்தது. பத்திரிகைகளோ அதைச் சைப்ரஸில் உள்ள பிரித்தானியத் தளங்கள் வரை நீட்டியிருந்தன, அரசாங்கம் திருத்தவில்லை. 2004 பெப்ரவரியில் பிளேயர் பாராளுமன்றத்தில் எழுந்து, யுத்தத்துக்கான வாக்கெடுப்பு நடந்த நாளில் அந்த வேறுபாடு தனக்கே தெரியாது என்றார். படை அனுப்பிய பிரதமர் சொன்னது இது!

இந்த நாட்டில் தஞ்சம் கேட்டவர்களுக்கு ஆதாரம் என்றால் என்னவென்று பாடம் எடுக்கத் தேவையில்லை. என் விசாரணையில் இரண்டு திகதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதற்காகவே நான் சொன்னது முழுவதும் நம்பத்தக்கதல்ல என்று எழுதினார் ஓர் அதிகாரி. சித்திரவதைத் தழும்பைக் காட்டியும் மருத்துவ அறிக்கை கேட்கப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு தனி மனிதன் உயிர் தப்பி வந்த கதைக்கு இவ்வளவு சோதனை. ஒரு நாட்டின் மீது படையெடுக்கச் சொன்ன கதைக்கு?

2003 பெப்ரவரியில் பிளேயர் அரசாங்கத்தின் இரண்டாவது ஆவணம் வந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளிநாட்டு அமைச்சர் கொலின் பவல் அதைப் புகழ்ந்தார். சில நாட்களுக்குள் கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் கிளென் ரங்வாலா அதன் வண்டவாளத்தை வெளியே கொண்டுவந்தார். அமெரிக்காவில் இருந்த இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளரின் கட்டுரையில் இருந்து பெரும்பகுதி எழுத்துப் பிழைகளோடு அப்படியே எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர்கள் கையும் வைத்திருந்தார்கள். பகை நாடுகளில் எதிரணிக் குழுக்களுக்கு ஈராக் உதவுகிறது என்று அல்-மராஷி எழுதியிருந்தது, பயங்கரவாத அமைப்புகளை ஆதரிக்கிறது என்று மாறியிருந்தது. இதை வாசித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அந்த வித்தை எங்களுக்குப் பழக்கமானது.

பெப்ரவரி 15ஆம் திகதி யுத்தத்துக்கு எதிராக ஹைட் பார்க்கில் கூடிய சனம் பொலிஸ் கணக்கில் ஏழரை இலட்சம், ஏற்பாட்டாளர் கணக்கில் 20 இலட்சம் வரை. ஊரில் யுத்தநிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வேலையை விட்டுவிட்டு, விசாவைப் பற்றி யோசிக்காமல் வந்த எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம்.

மார்ச் 7ஆம் திகதி சட்டமா அதிபர் கோல்ட்ஸ்மித் பிரதமருக்கு 13 பக்கத்தில் ஆலோசனை எழுதினார். புதிய ஐ.நா. தீர்மானம் இருப்பதே பாதுகாப்பான வழி, இல்லாவிட்டால் வழக்கு வரலாம் என்ற தயக்கங்கள் அதில் இருந்தன. பத்து நாள் கழித்துப் பாராளுமன்றத்துக்குப் போன சிறிய பதிலில் தயக்கம் ஒன்றும் இல்லை, யுத்தம் சட்டபூர்வமானது என்பது மட்டும் இருந்தது. உளவுத் தகவலுக்கும் இதே கதிதான். கீழே இருந்தவர்கள் ‘இருக்கலாம்’ என்று எழுதியது மேலே போகப் போக ‘இருக்கிறது’ ஆனது. இல்லாத ஒன்றைப் புனைவதைவிட, இருந்த சந்தேகத்தை அழித்ததுதான் இந்த அரசாங்கம் செய்த பெரிய வேலை என்பது என் எண்ணம்.

வெளிநாட்டு அமைச்சராக இருந்து உளவு அறிக்கைகளைப் பார்த்துப் பழகிய ரொபின் குக் மார்ச் 17ஆம் திகதி பதவி விலகிப் பேசினார். மறுநாள் பாராளுமன்ற வாக்கெடுப்பில் 412க்கு 149 என்று யுத்தம் வென்றது. 20ஆம் திகதி படையெடுப்பு தொடங்கியது. ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு காரணம் மாறியது. கொடுங்கோலனை அகற்றினோமே என்றார்கள். 1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்களை நச்சுப் புகையால் கொன்றவனைப் பற்றி யாருக்கு இரக்கம்? ஆனால் ஆயுதத்தைக் காட்டித்தான் வாக்குக் கேட்டார்கள்.

2016 ஜூலை 6ஆம் திகதி ஈராக் யுத்தத்தை விசாரித்த சில்கொட் அறிக்கை வந்தது. 12 தொகுதிகள், 26 இலட்சம் சொற்கள். சமாதான வழிகள் தீர்ந்துபோகும் முன்னரே யுத்தத்துக்குப் போனார்கள், ஆயுதம் பற்றி நியாயமில்லாத நிச்சயத்தோடு பேசினார்கள் என்று அது எழுதிவைத்தது. பிரித்தானியப் படையினர் 179 பேர் இறந்திருந்தனர். 2009 நடுப்பகுதி வரையிலேயே குறைந்தது ஒன்றரை இலட்சம் ஈராக்கியர் இறந்திருந்தனர் என்றும், பெரும்பாலோர் பொதுமக்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. முள்ளிவாய்க்காலுக்கு இப்படி ஓர் அறிக்கையை எழுத இலங்கை அரசாங்கம் இன்றுவரை சம்மதிக்கவில்லை என்பதால், இந்த நாட்டை நான் மதிக்கிறேன். படையெடுப்பு நடந்து பதின்மூன்று வருடம் கழித்து வந்த உண்மை என்பதால் அந்த மதிப்புக்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறேன்.

இப்போது எங்களில் பெரும்பாலோர் இங்கே வாக்காளர்கள். முள்ளிவாய்க்காலுக்காக எம்.பி.க்குக் கடிதம் எழுதப் பழகியவர்கள். அடுத்த தடவை லண்டன் ஏதாவது ஒரு நாட்டுக்குப் படை அனுப்பப் புறப்பட்டால், வாக்கெடுப்புக்கு முன்னரே அதே எம்.பி.க்கு எழுதுங்கள்: சட்ட ஆலோசனையை முழுதாக வாசித்தீர்களா, சுருக்கத்தை மட்டும் வாசித்தீர்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.