வத்தல் கிட்டங்கியில் ஏழு சாமுராய்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் மலையாளம், அடுத்த வாரம் கன்னடம் என்று மாறி மாறி வரும். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். விளாத்திகுளத்தில் அந்த நேரத்துக்குத் தெருவில் நாய்கூட நடமாடாது. கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் பெரியவர்கள் தலை சாய்த்துவிடுவார்கள். டிவி எங்கள் கைக்கு வரும். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, ஆட்கள் நடந்தால் நடந்துகொண்டே இருப்பார்கள். முதலில் வேறு போக்கிடம் இல்லாமல்தான் பார்த்தோம். போகப் போக அந்த ஒன்றரை மணிக்காகவே வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தோம்.

'பதேர் பாஞ்சாலி'யை அப்படித்தான் பார்த்தோம். 1955-இல் சத்யஜித் ராய் எடுத்தது, உலகமே கொண்டாடிய படம் என்கிற விவரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கோயில் கொடை முடிந்த மறுநாள் அது. கூட்டாளி வீட்டில் சீரணி மிட்டாய் மீந்திருந்தது. சீனிப்பாகில் போட்டதல்ல, வேம்பார்க் கருப்பட்டிப் பாகில் ஊறியது. கடித்தால் உள்ளே கூடு கூடாக இருந்து பாகு இறங்கும். தாளோடு நடுவில் விரித்து வைத்திருந்தோம். படத்தில் ஒரு மிட்டாய்க்காரர் காவடி மாதிரி தோளில் பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு குளக்கரையோரம் போகிறார். கையில் காலணா இல்லாத துர்காவும் அப்புவும் அவர் பின்னாலேயே ஓடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய். வரிசை அப்படியே குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது. அந்த நேரம் எங்களில் ஒருவன் கையும் மிட்டாய்ப் பக்கம் போகவில்லை. படம் முடிந்த பிறகு பார்த்தால் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஊதி ஊதித் தின்றோம். யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பிள்ளைகள் நாணல் பூத்த காட்டுக்குள் ஓடி ரயில் பார்க்கிற காட்சியையும் நாங்கள் பார்த்த விதம் வேறு. எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போனால்தான் தண்டவாளத்தையே பார்க்கலாம். கூட்டாளிகளில் ஒருவன் அதுவரை ரயிலில் ஏறினதே இல்லை. அப்பு எப்படிப் பார்த்தானோ அப்படியே இவன் அப்புவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டெக் வாடகைக்கு எடுக்கிற காலம் வந்தது, அதற்குப் பிறகு டிவிடி வந்தது. வீட்டில் ராத்திரி முழுக்கப் படம் ஓட விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரு வத்தல் கிட்டங்கி. கூட்டாளி ஒருவனின் அப்பா கமிஷன் கடை வைத்திருந்தார். மாசி, பங்குனியில் சுற்றுப்பட்டுக் கிராமத்து முண்டு வத்தல் எல்லாம் மூடை மூடையாக வந்து இறங்கும். உள்ளே நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறும், தொண்டை கமறும், தும்மலாக வரும். கால் மணி நேரத்தில் பழகிவிடும். மூடைகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி, மேல் வரிசையில் சாய்ந்துகொள்வோம். மற்ற மாதங்களில் மல்லி மூடை. அது வாசனையாக இருக்கும்.

என்ன படம் பார்ப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவை பத்திரிகைகள். விகடனில் செழியன் எழுதிய உலக சினிமாத் தொடரை வாரா வாரம் வெட்டி ஒட்டி வைத்திருந்தான் ஒருவன். நிழல் இதழ் கோவில்பட்டியில் இலக்கியக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூலமாக வந்து சேரும். சென்னைக்குப் போகிற யாரிடமாவது பட்டியல் எழுதிக் கொடுத்தால் பர்மா பஜாரில் வாங்கி வருவார்கள். கேட்ட படம் ஒன்று, கிடைத்த படம் ஒன்று. எதுவானாலும் பார்த்துவிடுவோம்.

தின்பண்டத்தில் மட்டும் அந்தச் சமாதானம் கிடையாது. சேவு என்றால் சாத்தூர்ச் சேவுதான். சாத்தூர்ப் பக்கம் போய்த் திரும்புகிறவன் கட்டாயம் வாங்கி வர வேண்டும். கடலை மாவும் அரிசி மாவும் பிசைந்து, பூண்டைத் தட்டிப் போட்டு, வத்தல் பொடி சேர்த்து, கொதிக்கிற கடலை எண்ணெய்க்கு மேலே ஓட்டைக் கரண்டியில் வைத்துத் தேய்ப்பார்கள். நல்ல சேவு வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிரும், உறைப்பு கடைசியில்தான் தெரியும். அதற்கு மாற்றாகக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். குடிக்கக் காளிமார்க்கின் பவண்டோ. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் எங்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சரக்கு மாதிரி. தை மாசமென்றால் பனங்கிழங்கு, மழை பெய்த நாளென்றால் அவித்த மொச்சை. எது இருந்தாலும் சத்தம் போடாமல் தின்ன வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சேவை நொறுக்கிக்கொண்டே பேசுவோம். பேசிக்கொண்டே பார்ப்போம்.

'ஏழு சாமுராய்' பார்த்த ராத்திரிதான் எனக்கு இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. குரோசவா 1954-இல் எடுத்தது, கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் ஓடும். எங்களில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் ஒருவன் உண்டு. கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து எங்கள் பேச்சில் சத்தமாகச் சொல்லுவது அவன் பொறுப்பு. அன்றைக்குக் கூட்டாளி ஒருவனின் ஆச்சியும் தூக்கம் வராமல் கிட்டங்கிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வருசா வருசம் விளைச்சலைக் கொள்ளையடிக்கிற கூட்டத்தை எதிர்க்க, ஒரு கிராமத்துச் சம்சாரிகள் வாள்வீரர்களைக் கூட்டி வரப் புறப்படுகிறார்கள். கூலி கொடுக்கக் காசு இல்லை. கொடுக்க முடிந்தது சோறு ஒன்றுதான். டவுனில் தங்கிய இடத்தில் அந்த அரிசியும் திருட்டுப் போகிறது. தரையில் சிந்திக் கிடந்த அரிசியை ஒரு சம்சாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான்.

ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அவுக என்னத்தத் திங்காக?" என்று கேட்டார்கள்.

"அவுக தினையைத் தின்னுட்டு, வந்தவுகளுக்கு நெல்லுச்சோறு ஆக்கிப் போடுறாக ஆச்சி" என்றான் எங்கள் ஆள்.

ஆச்சிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரிசக்காட்டில் ஆச்சி வளர்ந்த காலத்தில் நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அடுத்த வீட்டில் அரிசி கைமாத்து வாங்கி உலை வைத்ததை, பிள்ளைகள் அந்தச் சோற்றுப் பானையைச் சுற்றிச் சுற்றி வந்ததை, படம் ஓட ஓட ஆச்சி சொல்லிக்கொண்டே போனார்கள். நாங்கள் படத்தை நிறுத்தினோம். திரையில் சாமுராய்த் தலைவர் அந்தச் சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்குகிற இடம். அதை வீணாக்க மாட்டோம் என்று அடுத்து அவர் சொல்லப்போகிறார். அவர் அப்படியே நிற்க, ஆச்சி கம்மஞ்சோற்றைத் துவையலோடு பிசைந்து தின்ற கதையை முடித்தார்கள். பிறகு அவரைப் பேச விட்டோம். அப்புறம் கரண்டு போனது. வந்ததும் மறுபடி ஓட்டினோம். கடைசிச் சண்டையில் சேறும் சகதியுமாக அடைமழை கொட்டுகிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவனும் வாளைப் பார்க்கவில்லை. "எம்மா, என்ன மழை!" என்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தில் ஆசையாகப் பார்க்க அதுதான் இருந்தது.

உலக சினிமாவைப் பற்றிப் பிற்பாடு எத்தனையோ படித்துவிட்டேன். சோற்றைப் பற்றிய படமாக அதை ஆச்சி பார்த்தது மாதிரி ஒரு விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை.

எங்கள் மண்ணின் படங்களும் எங்களுக்குக் கிட்டங்கியில்தான் கிடைத்தன. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை வைத்து பாலசந்தர் 1981-இல் எடுத்த 'தண்ணீர் தண்ணீர்' கொட்டகைக்கு வந்து போன படம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருந்தார்கள். வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய பெண்களுக்கு அந்தப் படத்தில் வரும் அத்திப்பட்டியின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'கருவேலம்பூக்கள்' எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்து நாங்கள் பார்க்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்து, 'வெக்கை' எழுதிய பூமணி இயக்கிய ஒரே படம் அது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. நாசரும் ராதிகாவும் நடித்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றியது. பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போன கேசட் ஒன்று எப்படியோ எங்கள் கைக்கு வந்தது.

அன்றைக்குக் கூட்டாளி ஒருவனின் அக்காவும் வந்திருந்தாள். சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். விடியுமுன்னே பஸ் வந்து ஹாரன் அடிக்கும், தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவார்கள். முதலில் சட்டத்தில் குச்சி அடுக்கினாள், பிறகு பெட்டி அடைக்கப் போனாள். படம் ஓடும்போது நான் தற்செயலாக அவள் பக்கம் திரும்பினேன். மடியில் கிடந்த அவள் விரல்கள் தன்னால் அசைந்துகொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ எண்ணாமலே அளவாக எடுத்து எடுத்துத் திணிக்கிற மாதிரி. அவளுக்கே அது தெரியவில்லை. படம் முடிந்ததும் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்து ஆளுக்கொன்றாக அவள்தான் கொடுத்தாள். "எத்தன தடவ கை கழுவுனாலும் மருந்து வாடை போகாது. மிட்டாய் திங்கும்போதும் அந்த வாடைதான் வரும்" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அந்தக் கடலை மிட்டாயைத் தின்ன வெகுநேரம் ஆனது. 2020-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கூட்டாளிகள் எல்லாரும் வாட்சப்பில் சந்தோஷப்பட்டோம். எனக்கு முதலில் நினைப்பு வந்தது அக்காவின் கை.

எழுத்தாளர் கி.ரா.வின் 'கிடை' கதையை வைத்து அம்ஷன் குமார் 2003-இல் எடுத்த 'ஒருத்தி' பார்த்தபோது, கீதாரி வீட்டுப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். ஆடு வந்த காட்சியில் எல்லாம் மூடையை விட்டு இறங்கி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான். வேம்பூர்ப் பொட்டாட்டுக்கும் மற்ற ஆட்டுக்கும் என்ன வித்தியாசம், கிடை போட்ட காட்டில் மறு வருசம் பயிர் எப்படிக் கருகருவென்று நிற்கும், வெள்ளாமையில் ஆடு விழுந்தால் பஞ்சாயத்தில் யார் பேச்சு எடுபடும், யார் பேச்சு எடுபடாது என்றெல்லாம் அவன் சொன்னது அந்தப் படத்தோடு சேர்ந்தே என் மனசில் கிடக்கிறது. எது படம் சொன்னது, எது அவன் சொன்னது என்று இப்போது என்னால் பிரிக்க முடியாது. பிரிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

கூட்டம் கலைந்தது யாரும் முடிவு செய்து அல்ல. இங்கிலீஷ் படித்தவன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். கீதாரி வீட்டுப் பையன் சவூதியில். அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தார்கள். ஆச்சி காலமாகிவிட்டார்கள். கமிஷன் கடைக்காரன் மட்டும் ஊரில் இருக்கிறான். நான் சென்னைக்கு வந்தேன். இங்கே 2003 முதல் பெரும்பாலும் டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானும் போவேன். படங்கள் அருமையானவை. திரையும் சத்தமும் நாங்கள் கனவில்கூடக் காணாதவை. அங்கே பக்கத்துச் சீட்டுக்காரர் பேசமாட்டார், நானும் பேசக் கூடாது. அது நியாயம்தான். ஆனாலும் ஒரு நல்ல காட்சி வரும்போது என் கை தன்னால் பக்கவாட்டில் நீளும், சேவுப் பொட்டலம் இருக்கிற இடத்துக்கு.

வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியதிலிருந்து அதைப் பார்க்கக் காத்திருந்தேன். ஓடிடியில் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். அப்பனும் மகனும் கொதிக்கிற வெயிலில் பொட்டலில் நடக்கிறார்கள். அது மதுரை மேலூர்ப் பக்கத்துச் செம்மண். எங்கள் கரிசல் அல்ல. வெயில் மட்டும் எங்கள் வெயில். ஒரு குடும்பம் வளையில் புகை போட்டு எலி பிடிக்கிற காட்சி வந்தது. அதற்குமேல் என்னால் தனியாகப் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டுக் கமிஷன் கடைக்காரனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, எலிக்குப் புகை போடுறது ஞாபகம் இருக்கா?"

அவன் கேள்வியை முடிக்கவே விடவில்லை. பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து வளை வாயில் கவிழ்ப்பது, கூட ரெண்டு வத்தலைப் போட்டால் எலி எந்த ஆழத்தில் இருந்தாலும் வெளியே வருவது, எதிர் வளையை அடைக்காமல் விட்டு அவன் சித்தப்பா ஏமாந்தது, வளைக்குள் எலி சேர்த்து வைத்திருந்த கம்மங்கதிரை அள்ளி மடியில் கட்டியது என்று அரை மணி நேரம் பேசினான். கிட்டங்கியில் இப்போது சிமெண்டு மூடை கிடக்கிறதாம். சொன்னால் ஒதுக்கிவிடலாமாம்.

"படம் முடிஞ்சிருச்சா?" என்று கடைசியில் கேட்டான்.

"இல்ல, பாதியில நிக்கிது."

"அப்ப பாக்காத. தைக்கு வா. பனங்கிழங்கு நான் அவிச்சு வைக்கேன், சேவ மட்டும் வர்ற வழியில சாத்தூர்ல வாங்கிரு. திருப்பூர்க்காரன்ட்ட இப்பவே லீவு சொல்லச் சொல்லுதேன்."