இருபத்தொண்ணேகால்

குமார பர்வதத்திலிருந்து இறங்கும்போதுதான், என் உடம்பின் அளவு எனக்கே தெரியாது என்பது உறைத்தது.

1712 மீட்டர் உயரம். குக்கே சுப்ரமண்யாவில் காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஏற்றம்தான். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது ஏறி, முழங்கால் வலியோடு திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நிற்கிற மலை. எனக்கு முழங்கால் பிரச்சினை இல்லை, பைதான் பிரச்சினை. 20 லிட்டர் பை, உள்ளே மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு ஜெர்கின், கொஞ்சம் சப்பாத்தி. இடுப்பு பெல்ட் இடுப்பில் உட்காராமல் தொப்புளுக்கு மேலே வயிற்றைக் கட்டியிருந்தது. இறுக்கினால் மூச்சு முட்டியது. தளர்த்தினால் மொத்த எடையும் தோளுக்குப் போனது. பாதி வழியில் வலது கை விரல்கள் மரத்துவிட்டன.

நான் ஒன்றும் பனைமர உயரமில்லை. ஐந்தடி பத்தங்குலம். ஆனால் உட்கார்ந்தால் உயரம். தியேட்டரில் பின்சீட்டுக்காரர் "பிரதர், கொஞ்சம் சாய்ஞ்சுக்குங்க" என்பார். படம் முடிந்து எழுந்து நின்றால் அவர் என்னைவிட உயரமாக இருப்பார். எனக்குக் கால் குட்டை, முதுகு நீளம். பைக்கு ஆளின் உயரம் பொருட்டே இல்லை, முதுகின் நீளம்தான் கணக்கு என்பதை ஊர் திரும்பிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

விஷயம் எளிமையானது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பெல்ட் உட்கார்ந்தால் எடையின் பெரும்பகுதி எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிடும். உட்காராவிட்டால் பெல்ட் வெறும் அலங்காரம். நாள்கணக்கில் சுமக்கும் 50, 60 லிட்டர் பைகளைப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முதுகு அளவுகளில் செய்கிறார்கள். ஒருநாள் நடைக்கான சிறிய பைகள் பெரும்பாலும் ஒரே அளவுதான். கொஞ்சம் எடைதானே, யாருக்கும் பொருந்திவிடும் என்று ஒரு கணக்கு.

எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பழக்கம். நானும் அப்படித்தான் கோட் எழுதுகிறேன். ஒரு டீஃபால்ட் மதிப்பு கொடுத்துவிட்டால் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாக இருக்கும். கடைசிப் பெயர் கட்டாயம் என்று ஒரு படிவத்துக்கு நானே கோட் எழுதியிருக்கிறேன், என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் மட்டுமே இருந்தும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்காக கில்பர்ட் டேனியல்ஸ் 4063 விமானிகளின் உடலளவுகளை ஆராய்ந்தார். பத்து அளவுகளிலும் சராசரி எல்லைக்குள் வருகிறவர் ஒருவர்கூட இல்லை. காக்பிட்டோ சராசரி மனிதனுக்காகக் கட்டப்பட்டிருந்தது.

முதுகு அளவைத் தனியாக எடுக்க முடியாது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் புடைக்கிற எலும்பு ஒரு முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்தால், பின்னால் கட்டைவிரல்களுக்கு நடுவே ஓடும் கோடு இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே முதுகுத்தண்டின் வளைவை ஒட்டி டேப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மொபைல் சார்ஜர் கேபிளை வைத்து நானே இரண்டுமுறை முயன்றேன். 47 வந்தது. அப்புறம் 58 வந்தது.

அந்த வாரம் கோபிக்குப் போயிருந்தேன். அப்பா நாற்பது வருடம் டெய்லர். கடையை மூடிவிட்டார், டேப்பை மட்டும் விடவில்லை. ஆணியில் தொங்குகிறது.

அவர் என்னைக் கடைசியாக அளந்தது கல்லூரி முதல் வருடத்தில். அதுவரை என் சட்டையெல்லாம் அவர் தைத்தவை. "உனக்கு ரெண்டு இஞ்சு எறக்கி வெட்டோணும்டா" என்பார். கேம்பஸ் இன்டர்வியூ வந்தபோது நண்பர்களோடு போய் ரெடிமேட் சட்டை எடுத்துவந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அயர்ன் பண்ணிக் கொடுத்தார். இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் சட்டை பேண்ட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது. வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அவரிடம் தைக்கவே இல்லை. இன்றுவரை குனிந்தால் என் சட்டை வெளியே வந்துவிடும்.

"அப்பா, முதுகு ஒண்ணு அளக்கோணும்ங்க" என்றேன்.

"எதுக்குடா, சட்டைக்கா?"

"பைக்குங்க."

ஒரு நொடி பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேப்பை எடுத்தார். நான் கழுத்தெலும்பில் ஏழாவது எதுவென்று விளக்க ஆரம்பித்தேன். அவர் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது. டேப் முதுகில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த ஜில்லிப்பை எனக்கு இன்னும் ஞாபகம் இருந்திருக்கிறது.

"இருபத்தொண்ணேகால்" என்றார். பழக்கத்தில் யாரோ குறித்துக்கொள்வதற்காகச் சத்தமாகச் சொன்னார். நான் மொபைலில் 54 சென்டிமீட்டர் என்று மாற்றிக் குறித்தேன். ஒரே அளவுப் பைகள் பலவற்றுக்கும் எனக்கும் இடைவெளி இருந்ததற்கு அர்த்தம் புரிந்தது.

தேடினால் கிடைக்காமல் இல்லை. ஆஸ்ப்ரே டேலன் 22 மாதிரி, சின்னப் பையிலேயே இரண்டு முதுகளவு வைத்திருப்பவை உண்டு. பெரிய அளவைத் தேடி வாங்கினேன். விலையை அப்பாவிடம் பாதியாகச் சொன்னேன். அவர் பையைத் திருப்பி, தோள்பட்டை சேருமிடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். "பார்டேக் அடிச்சிருக்கான். பிரியாது" என்றார். அவர் வாயிலிருந்து ரெடிமேடுக்கு நான் கேட்ட முதல் பாராட்டு. போட்டு நிற்கச் சொன்னார். பெல்ட்டைப் பிடித்து அரை இஞ்சு கீழே இழுத்து எலும்பின்மேல் உட்காரவைத்தார். "இப்பச் சரி."

பழைய பையைத் தூக்கிப்போட விடவில்லை. இடுப்பு பெல்ட்டைப் பிரித்தெடுத்துவிட்டு, சந்தைக்குக் காய் வாங்க அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார். பின்னாலிருந்து பார்த்தால் பை அவர் தோளுக்குக் கீழே கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அவருக்கும் அது சின்னதுதான்.