இரண்டாம் முறை கேட்கும் சிரிப்பு

மேடை நகைச்சுவையை இரண்டாம் முறை உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. முடிச்சு எங்கே அவிழும் என்று தெரிந்துபோன பிறகு சிரிப்பு எங்கிருந்து வரும்? ஆனால் நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பியின் ‘நானெட்’ நிகழ்ச்சியை இரண்டாம் முறை பார்க்காதவர் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். சிட்னி ஓப்பரா ஹவுஸில் பதிவாகி, 2018 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது அது.

கேட்ஸ்பி 1978இல் பிறந்தவர். வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில். ஆண்களுக்கிடையிலான பாலுறவு அங்கே 1997 வரை சட்டப்படி குற்றம். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாகக் கொட்டப்பட்ட காலத்தில் பதின்பருவத்தைக் கடந்தவர், அந்த அனுபவங்களையே வேடிக்கைக் கதைகளாக்கி மேடைகளில் சொல்லிவந்தார்.

‘நானெட்’டின் தொடக்கத்திலும் அப்படியொரு கதை வருகிறது. இரவு, பேருந்து நிறுத்தம். தன் காதலியிடம் யாரோ ஓர் ஆண் வழிகிறான் என்று நினைத்து ஒருவன் கேட்ஸ்பியை அடிக்கப் பாய்கிறான். பெண் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு விலகுகிறான். அவனுடைய அசட்டுத்தனத்தைக் கேட்டு அரங்கம் அதிர்கிறது. வீட்டில் பார்ப்பவரும் சிரிக்கிறார். கதை அவ்வளவு நேர்த்தியாகச் சொல்லப்படுகிறது.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில் கேட்ஸ்பி அதே கதைக்குத் திரும்புகிறார். அவன் விலகிப்போகவில்லை. திரும்பி வந்து அடித்து நொறுக்கினான். யாரும் தடுக்கவில்லை. கேட்ஸ்பி போலீஸுக்கும் போகவில்லை, மருத்துவமனைக்கும் போகவில்லை. தன் தகுதி அவ்வளவுதான் என்று அப்போது நினைத்திருக்கிறார். ஒரு கதை நகைச்சுவையாக வேண்டுமானால் அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட வேண்டியிருக்கிறது, அதை இனி வெட்டமாட்டேன் என்கிறார். கூட்டத்தை இறுக வைப்பதும் பிறகு சிரிக்கவைத்துத் தளர்த்துவதும்தான் தன் தொழில் என்று முன்பே விளக்கியவர், இந்த முறை தளர்த்தாமலே விட்டுவிடுகிறார்.

இதையெல்லாம் அறிந்தபின் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டால், பேருந்து நிறுத்தக் கதையைத் தாங்குவது கடினம். கேட்ஸ்பியின் குரலில் மாற்றமில்லை, அதே லாவகம், அதே இடைவெளிகள். சிட்னி கூட்டமும் அதே இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறது. வரப்போவது என்னவென்று அந்த மக்களுக்குத் தெரியாது. சோபாவில் இருப்பவருக்குத் தெரியும். அரங்கில் இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் கிடைத்திருக்க வழியே இல்லை. அவர்களுடைய சிரிப்பு காற்றோடு போயிற்று. பதிவுதான் அதைப் பிடித்துவைத்து, வலி தெரிந்தவரின் காதில் மீண்டும் விழச் செய்கிறது.

மேடைப் பேச்சு வீட்டுக்குள் வந்தது புதிதல்ல. 1960இல் பாப் நியூஹார்ட்டின் நகைச்சுவை இசைத்தட்டை அமெரிக்கக் குடும்பங்கள் கூடத்தில் போட்டுக் கேட்டன. சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையே அது வென்றது. 1979இல் திரைக்கு வந்த ரிச்சர்ட் பிரையரின் மேடை நகைச்சுவைப் படத்தில், தனக்கு வந்த மாரடைப்பை அவர் மேடையில் விழுந்து புரண்டு நடித்துக்காட்டுவார். வலியைச் சிரிப்பாக்கும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்ஸ்பி கேட்பது அதற்கு நேர்மாறான கேள்வி: அப்படிச் சிரிப்பாக மாற்றியதில் எது காணாமல் போனது?

வீட்டில் பார்ப்பவர் இடையில் நிறுத்திச் சரிபார்த்தும் பார்க்கலாம். கலை வரலாறு படித்த கேட்ஸ்பி, மனநல மருந்து சாப்பிட்டால் படைப்பாற்றல் போய்விடும் என்பவர்களுக்கு ஓவியர் வான்கோவைக் காட்டிப் பதில் சொல்கிறார். வான்கோ சிகிச்சை எடுத்துக்கொண்டவர். தன் மருத்துவர் காஷேயை வரைந்த ஓவியத்தில் மருந்துச் செடியையே வரைந்தவர். அந்த மருந்து மஞ்சள் நிறத்தைத் தூக்கலாகக் காட்டக்கூடியது, சூரியகாந்தி ஓவியங்களே அதனால் கிடைத்தவையாக இருக்கலாம் என்று போகிறது வாதம். ஆண்டுகளைச் சரிபார்த்தால் இது கொஞ்சம் இடிக்கிறது. பிரான்ஸின் ஆர்ல் நகரில் வரைந்த புகழ்பெற்ற சூரியகாந்திகள் 1888–89இல் வரையப்பட்டவை, காஷே ஓவியம் 1890இல். ஆனால் வான்கோவை நேசித்த தம்பி ஒருவர் இருந்ததால்தான் சூரியகாந்திகள் நமக்குக் கிடைத்தன என்று அவர் அடுத்து சொல்வதில் எந்தப் பிசகும் இல்லை. அந்தத் தம்பி தியோவின் பணமும் கடிதங்களும் இல்லாமல் ஆர்ல் நாட்கள் இல்லை.

2020இல் வெளிவந்த ‘டக்ளஸ்’ நிகழ்ச்சியில் கேட்ஸ்பி இன்னொரு வழியைப் பிடித்தார். எந்த இடத்தில் என்ன வரும், அதற்குக் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே வரிசையாகச் சொல்லிவிட்டு நிகழ்ச்சியைத் தொடங்குகிறார். சொன்னபடியே எல்லாம் வருகிறது, சிரிப்பும் வருகிறது. முதல் முறை பார்ப்பவரையே இரண்டாம் முறை பார்ப்பவரின் இடத்தில் உட்காரவைக்கிறார் அவர்.