பழியும் விசுவாசமும்

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனை அடுத்துள்ள ஜெலுத்தோங், ஒரு மரத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊர். பட்டையைக் கீறினால் பால் சொரியும் மரம் அது. அப்பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் பயன்பட்டது. இன்று அவ்வூரில் வீடுகளும் கடைகளும் நிறைந்துவிட்டன. ஆயினும் பெயர் மாறவில்லை. மனிதனின் நற்பெயருக்கோ அத்தகைய உறுதி இல்லை. பல்லாண்டு நேர்மையால் ஈட்டிய பெயரை ஒரே பொய் ஒரு பொழுதில் சாய்த்துவிடும்.

இக்கேட்டை உணர்ந்தே வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். பொய்ச்சான்று கூறலாகாது என்பது விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. ஆனால், பொய்யின் தீமை பெயரைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. பழிக்கு ஆளானவன் முதலில் மனிதரை நம்ப அஞ்சுகிறான். பின்னர், தன்னைக் காக்க வாராத கடவுளையும் ஐயுறுகிறான். ஜெலுத்தோங்கில் வாழும் கிறிஸ்தவர்க்கும் குமரியில் வாழும் கிறிஸ்தவர்க்கும் இச்சோதனை ஒன்றே. இதனைத் தாங்கி நின்ற ஒருவரின் வரலாறு தமிழ் மாணவர் அறியத்தக்கது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்னும் சிற்றூரில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அரசுப் பணி பூண்டிருந்தார். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையினர் தோற்றனர். சிறைப்பட்ட தெ லனாய் என்னும் தளபதி பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளிக்கலானார். நீலகண்டன் அவரோடு நட்புக் கொண்டார். தம் இல்லத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்குத் தெ லனாய் எடுத்துரைத்தது யோபுவின் கதை என்பர்.

அக்கதை தொடங்குவதே ஒரு பழிச்சொல்லில்தான். ஆதாயம் கருதியே யோபு கடவுளை வணங்குகிறான் எனச் சாத்தான் குற்றம் சாட்டுகிறான். செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒருங்கே அழிகின்றன. ஆறுதல் கூற வந்த நண்பர்களோ, "நீ பாவம் செய்தாய், அதனாலேயே இத்தண்டனை" என்னும் கருத்தையே மாறி மாறி வற்புறுத்துகின்றனர். பகைவன் சொல்லும் பொய் புண்படுத்தும். பக்தியின் பெயரால் நண்பன் சொல்லும் பொய்யோ உள்ளத்தையே உடைக்கும். யோபு அழுகிறான், கடவுளிடமே முறையிடுகிறான், வாதாடுகிறான். ஆயினும், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்ப மறுக்கிறான். இறுதியில், உண்மை பேசியவன் யோபுவே எனக் கடவுள் அந்நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். விசுவாசம் என்பது வாய்மூடிக் கிடப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நீலகண்டன் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடின்றி மனிதர் யாவரும் சமம் என்று அவர் எடுத்துரைத்தது பலரின் வெறுப்புக்கு வித்திட்டது. அரசத் துரோகி, ஒற்றன் என்று அவர்மீது பழி சுமத்தப்பட்டது. பதவி பறிபோயிற்று. 1749இல் சிறைப்பட்டார். எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தப்பட்டு ஊர்தோறும் கொண்டு செல்லப்பட்டார். அடியின் வலி உடலோடு நிற்பது. இவ்வூர்வலமோ, அப்பழியைக் காண்போர் அனைவரும் நம்புதல் வேண்டும் என்று நிகழ்த்தப்பட்டது. விசுவாசத்தைக் கைவிடுமாறு அவர் வற்புறுத்தப்பட்டார், அவர் இணங்கவில்லை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதும் நிறைந்திருக்கவில்லை.

தம் பெயர் துலங்கும் நாளை அவர் கண்டாரில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அவர் விசுவாசத்திற்காகவே உயிர் நீத்தார் என ஏற்று, 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பழி சுமத்த ஒரு நாள் போதும்; அது நீங்க இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

அவ்வாறாயின், அவரைத் தாங்கியது யாது? உண்மை விரைவில் வெல்லும் என்னும் எதிர்பார்ப்பன்று. தம்மை உள்ளவாறு அறிபவர் ஒருவர் உளர் என்னும் தெளிவே அது. ஊரார் மதிப்பை வேராகக் கொண்ட விசுவாசம் ஊரார் பழித்தவுடன் சாயும். இத்தெளிவை வேராகக் கொண்டது சாய்வதில்லை.

எனினும், தம்மைக் கண்டிக்கும் சொல் அனைத்தையும் பொய்யென்று தள்ளுவதும் விசுவாசமாகாது. அதில் உண்மை உண்டாயின் திருந்துதல் வேண்டும்; இல்லையாயின் தெளிவாக மறுத்துரைத்தல் வேண்டும். பொய்க்கு மாற்றாகப் பொய்யையும், பழிக்கு மாற்றாகப் பழியையும் கைக்கொள்ளலாகாது. தேவசகாயத்திடமிருந்து பொய் பதவியைப் பறித்தது, மானத்தைப் பறித்தது, உயிரையும் பறித்தது. அவரது ஒப்புதலை மட்டும் அதனால் பறிக்க இயலவில்லை. ஏனெனில், அது அவரே கொடுத்தாலன்றிப் பிறர் கொள்ள இயலாத பொருள்.